அந்தத் தாழ்ப்பாள் யாருடைய வேலை?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். கல்யாணமான 11 வருடத்தில் நான்காவது முறையாகக் களத்துக்குப் போயிருக்கிறார். லீவில் வந்தால் விருந்தாளி மாதிரி இருக்கிறார், எதற்கெடுத்தாலும் கோபம். அவர் போய்விட்டால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. 5 வயது மகள் போனில் அப்பாவிடம் பேச மாட்டேன் என்கிறாள். நல்லவேளையாக 9 வயது மகன் ரொம்பப் பொறுப்பானவன். எல்லாரும் படுத்த பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான். அப்பா லீவில் இருந்தாலும் அப்படித்தான். என் கணவரை எப்படி மாற்றுவது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் மகனைப் பற்றி நாலே வரி, அதுவும் 'நல்லவேளை' என்று ஆரம்பிக்கிறது. எனக்கு அந்த நாலு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

'அப்பா லீவில் இருந்தாலும் அப்படித்தான்' என்று எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லையா? துப்பாக்கி பிடித்த மனிதர் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். அப்படியும் அந்தப் பிள்ளை இருட்டில் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போகிறான். கொஞ்ச நாளில் அப்பா பெட்டியைக் கட்டிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவர் இருக்கும்போதும் தன் காவலை விடுவதில்லை. இதைப் போய்ப் பொறுப்பு என்கிறீர்களே, சகோதரி. அவன் பயந்துபோயிருக்கிறான்.

எப்படி வந்தது இது? பட்டாளத்துக் குடும்பங்களின் கடிதங்களை எத்தனையோ வருடமாகப் படிக்கிறேன். கிளம்பும்போது அப்பா தலையைத் தடவி, "அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லியிருப்பார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் பிள்ளை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டுவிடுவான். முதல் தடவை அதைக் கேட்டபோது அவனுக்கு என்ன வயது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதையே திரும்பச் சொல்லியிருப்பார். வந்த பிறகு 'போதும்டா' என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கணவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டீர்கள். உங்களுக்கு அது ஒத்தாசையாகவும் இருந்தது. என்மேல் கோபம் வந்தாலும் சரி, சொல்கிறேன். பட்டாளத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர். தெரிந்தே அவருக்குக் கழுத்தை நீட்டியவர் நீங்கள். அந்தப் பையன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க ராணுவ வீரர்களின் மனைவியர் 2,50,626 பேருடைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். கணவன் ஈராக்குக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ போயிருந்த பெண்களிடம் மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, பதற்றம் எல்லாமே மற்றவர்களைவிட அதிகம். பிரிவு 11 மாதத்தைத் தாண்டினால் இன்னும் அதிகம். அதே வருடம் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி வந்த ஓர் ஆய்வில், பிரிந்திருந்த மாதங்கள் கூடக் கூடப் பிள்ளைகளின் சிரமமும் கூடியது தெரிந்தது. வீட்டில் இருப்பவரின் மனநிலை சரியில்லாத இடத்தில் பிள்ளைக்கும் பாரம் அதிகம். நீங்கள் விழித்துப் புரள்வது உங்கள் மகனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், இந்த வாரமே.

மகளைப் போனில் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அப்பா கதை சொல்லட்டும், அவள் விளையாடிக்கொண்டே கேட்கட்டும்.

கணவர் விருந்தாளி மாதிரி இருக்கிறார் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போவது நீங்கள், பணம் கட்டுவது நீங்கள், கதவைப் பார்ப்பது மகன். அந்த வீட்டில் அவருக்கு என்ன வேலை மிச்சம்? மற்றபடி, தூக்கத்தில் அலறுவது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுவது, குடி என்று ஏதாவது இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. உங்கள் பொறுமையால் அது தீராது.

அடுத்த முறை கணவர் கூப்பிடும்போது முதலில் தனியாகப் பேசி, தாழ்ப்பாள் விஷயத்தை ஒன்று விடாமல் சொல்லுங்கள். இதுவரை அவருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். காவலுக்கு நிற்கிறவன், மாற்று ஆள் வந்து பொறுப்பேற்காமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அந்த ஆள் வராமல்தான் உங்கள் மகன் நின்றுகொண்டிருக்கிறான். அப்புறம் போனை அவனிடம் கொடுங்கள். "நான் சொன்ன வேலை முடிந்தது, இனி அம்மா பார்த்துக்கொள்வாள்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். உத்தரவு போட்டவர்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். லீவில் வரும் நாட்களில் கதவு அவர் பொறுப்பு. கிளம்பும்போது அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் பார்க்க.

அந்தப் போன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி மேல் தாழ்ப்பாளை நீங்கள் போடுங்கள், அவன் விழித்திருக்கும்போதே, சத்தம் அவன் காதில் விழும்படி. அவன் மறுபடியும் எழுந்து வருவான். திட்டாதீர்கள். கூட நின்று, அவன் கையைப் பிடித்துத் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டிப் படுக்க வையுங்கள். அவன் எழுந்து வராத ராத்திரி வரும்வரை அந்த ஸ்டூல் அங்கேயே இருக்கட்டும்.