குமுளி ஏலக்காய்க் கடைக்குச் சொந்த வலைப்பதிவு: ஆள் வருமா, எவ்வளவு செலவாகும்?

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடை வைத்திருக்கிறோம். அப்பா காலத்துக் கடை. நான்கு வருடமாக பேஸ்புக்கில் படம் போடுகிறேன். தெரிந்தவர்கள்தான் லைக் போடுகிறார்கள், புது ஆள் யாரும் வருவதில்லை. சொந்த சர்வரில் வலைப்பதிவு வைத்தால் கூகுளில் தேடி வருவார்கள் என்கிறான் மகன். அதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைக்கலாமா? என்ன செலவாகும்? தமிழில் எழுதினால் படிப்பார்களா?

பதில்: மகன் சொல்வது சரிதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் வேண்டாம். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் கரண்ட் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். கரண்ட் இருந்தாலும், வீட்டு இணைப்புக்கு நிலையான ஐ.பி. முகவரி பெரும்பாலும் தரமாட்டார்கள். ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் பெட்டிக்கு வழியே தெரியாது.

சொந்த சர்வர் என்றால் பெட்டி நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தளத்தின் பெயர் உங்களுடையது. மென்பொருளும் எழுதியதும் உங்கள் கையில். வாடகை ஒத்துவராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போகலாம். அவ்வளவுதான் விஷயம். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை வந்தபோது, அதை மட்டுமே நம்பி ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. பேஸ்புக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. அது அடுத்தவர் திண்ணை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல் வேலை பெயர் வாங்குவது. டாட் இன் அல்லது டாட் காம், எது கிடைக்கிறதோ அது. கடைப் பெயரோடு குமுளி என்ற சொல்லும் வந்தால் நல்லது. வருடத்துக்குச் சுமார் 700 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும். முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் வரும். அதைப் பார்க்காதீர்கள், இரண்டாம் வருடம் என்ன கட்ட வேண்டும் என்று பாருங்கள். இந்தப் பெயரை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில், நீங்களே வாங்குங்கள். என் முதல் தளத்தை அமைத்துக்கொடுத்தவர் பெயரைத் தன் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் தொழிலை விட்டுப் போய்விட்டார், போனையும் எடுக்கவில்லை. அதுவரை எழுதியதன் நகல் என்னிடம் இருந்தது, விலாசம் இல்லை. வாசகர்கள் பழைய முகவரிக்குப் போய்ப் போய்த் திரும்பினார்கள். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம். உங்களுக்குப் பகிர்ந்த ஹோஸ்டிங், அதாவது ஷேர்டு ஹோஸ்டிங் போதும். மாதம் 150 முதல் 400 ரூபாய் வரை ஆகும். சர்வர் மும்பையில் இருக்கிறதா என்று கேளுங்கள், நம் ஊர் போனில் பக்கம் சட்டென்று திறக்கும். தளத்துக்கும் படிக்கிறவருக்கும் நடுவே போவதைப் பூட்டிக் காக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் வேறு இடம் பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளவும் செய்யும். எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 2,500 முதல் 6,300 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

மென்பொருள் வேர்ட்பிரஸ். 2003-இல் வெளிவந்த இலவச மென்பொருள். உலகத்து இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. டாட் காம் என்று முடியும் வேர்ட்பிரஸ் ஒரு நிறுவனத்தின் சேவை. உங்களுக்கு வேண்டியது டாட் ஆர்க் பக்கத்தில் கிடைப்பது. ஹோஸ்டிங் கணக்குக்குள் போனால் ஒரே பொத்தானில் நிறுவிவிடலாம்.

நிறுவியதும் செட்டிங்ஸில் இரண்டு இடத்தைப் பாருங்கள். ரீடிங் பகுதியில், தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது பலர் அதில் டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள். ஒரு வருடமாகக் கூகுளில் வரவே இல்லை என்று என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். இரண்டாவது பெர்மாலிங்க்ஸ், ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் இடம். அதில் போஸ்ட் நேம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே அமையும். கணினி புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணும். ஏலக்காய் என்பது அதன் கணக்கில் ஏ, ல, க, புள்ளி, க, கால், ய, புள்ளி என்று எட்டு. முகவரியில் ஒவ்வொன்றும் சதவீதக் குறியும் எண்ணும் கலந்த ஒன்பது எழுத்தாக மாறும். ஆக ஏலக்காய்க்கு மட்டும் 72 எழுத்து. வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். ‘நல்ல ஏலக்காய் வாங்குவது எப்படி’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், முகவரியில் ‘எப்படி’ இருக்காது. அதை வாட்ஸப்பில் அனுப்பினால் பல நேரம் சதவீதக் குறியாக நான்கு வரிக்கு நீளும், பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். அதனால் தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லில் நீங்களே தட்டிவிடுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றாதீர்கள்.

எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும். பிரஸ்ஸில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால் கூகுளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

சரி, இனி ஆள் வருவது எப்படி?

கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம், கடைக்கு வருகிறவர் கேட்பதையெல்லாம் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘எட்டு மில்லி ஏலக்காய்க்கும் ஏழு மில்லிக்கும் என்னங்க வித்தியாசம்?’ (மில்லி என்பது மில்லிமீட்டரில் காயின் அளவு.) ‘இவ்வளவு பச்சையா இருக்கே, சாயம் போட்டதா?’ ‘கம்பத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ ‘தேக்கடி படகுக்கு டிக்கெட் எங்க எடுக்கணும்?’ கடைக்கு வந்தவர் வாயால் கேட்பதைத்தான் மதுரையிலும் திருப்பூரிலும் இருக்கிறவர் புறப்படும் முன் போனில் தட்டுகிறார். ஒரு கேள்விக்கு ஒரு பதிவு. தலைப்பில் அந்தக் கேள்வியே இருக்கட்டும். முதல் பத்தியிலேயே பதிலைச் சொல்லிவிடுங்கள், விளக்கம் பின்னால் வரட்டும்.

சாயக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஏலக்காய் மூட்டையைப் பிரித்திருப்பார்கள்? நீங்கள் ஈர வெள்ளைத் துணியில் நான்கு காயைத் தேய்த்து, துணியைப் படம் எடுத்துப் போடுங்கள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, தண்ணீரின் நிறத்தைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எட்டு மில்லிக் காயையும் ஏழு மில்லிக் காயையும் வரிசையாக அடுக்குங்கள். காயைப் பிளந்து உள்ளே விதை கறுத்து ஒட்டி இருப்பதைக் கிட்டத்தில் காட்டுங்கள். இந்தப் படங்கள் வேறு எவரிடமும் இருக்காது. கூகுள் மதிக்கிறதோ இல்லையோ, படிக்கிறவர் நம்புவார், இன்னொருவருக்கு அனுப்புவார். படங்களை மட்டும் சுருக்கிப் போடுங்கள். போனில் எடுத்த படம் நான்கு எம்.பி. வரை இருக்கும். 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் 150 கே.பி.க்குள் கொண்டுவந்தால் மலைப்பாதையில் சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும்.

ஒன்றில் கவனம் தேவை. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தின் விலையை நறுமணப் பொருள் வாரியம் வெளியிடுகிறது. அதைத் தினமும் எடுத்துப் போட்டால் கூட்டம் வரும், சந்தேகமில்லை. ஆனால் வருகிறவர்கள் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும். உங்களிடம் கால் கிலோ வாங்க மாட்டார்கள். ஏலத்தின் சராசரி விலைக்கும் உங்கள் கடை விலைக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்று ஒரே ஒரு பதிவு எழுதுங்கள். தரம் பிரிப்பது, கழிவு, பேக்கிங் என்று கணக்கைத் திறந்து காட்டுங்கள். வாடிக்கையாளரைக் கொண்டுவருவது அந்தப் பதிவுதான்.

தமிழில் படிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எந்த மொழியில் விலை கேட்கிறார்கள்? ஆங்கிலத்தில் தேக்கடி பற்றிப் பெரிய பயணத் தளங்கள் எழுதிக் குவித்துவிட்டன, அங்கே உங்களால் மோத முடியாது. தமிழில் உள்ளூர் ஆள் எழுதிய பக்கங்கள் குறைவு, முன்னால் வருவது எளிது. பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுவதால், நீங்கள் முகவரியில் வைத்த ஆங்கில எழுத்தும் கொஞ்சம் கைகொடுக்கும். மலையாளத்தில் எழுதுவதானால் தனிப் பக்கமாக வையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியைக் கலக்க வேண்டாம்.

பத்துப் பதிவு சேர்ந்ததும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்து, சைட்மேப்பை, அதாவது தளத்துப் பக்கங்களின் பட்டியலைக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் அதைத் தானே உருவாக்கி வைத்திருக்கும். மாதம் ஒருமுறை அங்கே போய், எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று பாருங்கள். நோட்டில் இல்லாத கேள்விகள் அதில் கிடைக்கும். கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதிந்து, அதில் தளத்தின் முகவரியையும் சேருங்கள். உங்களைப் போன்ற கடைக்கு முதல் மூன்று மாதம் வலைப்பதிவைவிட மேப்தான் அதிகம் ஆளைக் கொண்டுவரும்.

பேக்கப்பை, அதாவது தளத்தின் நகல் எடுத்து வைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகினை (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டு, வாரம் ஒரு நகல் உங்கள் கூகுள் டிரைவுக்குப் போகும்படி வையுங்கள். பிளகின் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். இருப்பதை அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள், அப்டேட் செய்யாத பிளகின் வழியாகத்தான் திருடன் நுழைவான்.

புதுத் தளத்தைக் கூகுள் நம்ப நாலைந்து மாதம் ஆகலாம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகிறவர்கள் குமுளி வழியைத் தேடத் தொடங்குவார்கள். கூட்டம் அதிகமான நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குகிறார்கள். அதாவது ஊர் திரும்புகிறவர் உங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த வழியில் ஏறுவது, திரும்பும்போது குமுளியில் வண்டியை எங்கே நிறுத்துவது, சாப்பாடு எங்கே என்ற பதிவை ஆடி மாதத்திலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். போலீஸ் அந்த வருட ஏற்பாட்டை அறிவித்ததும் அதே பக்கத்தைத் திறந்து திருத்துங்கள். முகவரி மாறாமல் இருந்தால் அடுத்த வருடமும் அதே பக்கமே வேலை செய்யும்.