‘தானாக விட்டார்’ என்று ஆர்.ஓ.ஈ.யில் எழுதிவிட்டார்கள்: ஈ.ஐ. கிடைக்காதா?

கேள்வி: வணக்கம் அக்கா. ஸ்காபரோவில் உணவு பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் பகலில் வேலை செய்தேன். திடீரென்று இரவு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். கணவருக்கும் இரவு வேலை. எட்டு வயது மகளைத் தனியே விட முடியாது என்று சுப்பவைசரிடம் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் வாக்குவாதமாகி, “அப்படியென்றால் நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனால் உள்ளே விடவில்லை. ஆர்.ஓ.ஈ.யில் (வேலை முடிந்ததும் முதலாளி கொடுக்கும் வேலைப் பதிவுப் பத்திரம்) ‘ஈ’ என்று போட்டிருக்கிறார்கள். நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டதால் ஈ.ஐ. (வேலையிழந்தோருக்கான காப்புறுதிப் பணம்) இல்லை என்று கடிதம் வந்து 18 நாளாகிறது. “அவர்கள் சொன்னால் சொன்னதுதான்” என்கிறார்கள் தெரிந்தவர்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை, தங்கச்சி. ஆனால் உங்கள் கையில் இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. மறுப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். படிவம், ஈ.ஐ. விண்ணப்பங்களைப் பார்க்கும் கனடா அரசு அலுவலகமான சேர்விஸ் கனடாவின் இணையத்தளத்தில் இருக்கிறது. அதை நிரப்பி, காரணத்தை நாலு வரியில் எழுதி, இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். எல்லா ஆதாரமும் சேரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து நாளைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆதாரம் பிறகும் அனுப்பலாம். 30 நாள் தாண்டினாலும் கேட்க வழி உண்டு, ஆனால் ஏன் பிந்தியது என்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் சொல்ல வேண்டிவரும். இருக்கிற தலையிடி போதும்.

இதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்தானே என்று நினைக்காதீர்கள். வேலை தேடத்தான் வேண்டும், ஆனால் இந்த முடிவு அப்படியே நின்றால் அந்த ஆறு வருட வேலையில் சேர்ந்த மணித்தியாலங்கள் அடுத்த ஈ.ஐ. விண்ணப்பத்துக்கு உதவாது. புது வேலையில் பூச்சியத்திலிருந்து தொடங்கி, இடத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வரை மறுபடி சேர்க்க வேண்டும். ஈ.ஐ. என்பது சராசரிச் சம்பளத்தில் 55 வீதம். 2025இல் கிழமைக்கு 695 டொலர்தான் உச்சம். சும்மா விடுகிற காசா அது?

சரி, ‘ஈ’ என்றால் என்ன? வேலையில்லாமல் நிறுத்தினால் ‘ஏ’, வேலையை விட்டு நீக்கினால் ‘எம்’, தானாக விட்டால் ‘ஈ’. இவற்றை எழுதுவது முதலாளியின் பக்கம். அது முதலாளியின் கூற்று மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஈ.ஐ. அலுவலகம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. திருத்தித் தரும்படி முதலாளியைக் கேட்டுப் பார்க்கலாம், தரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக மினக்கெட வேண்டாம்.

உங்கள் வழக்கில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்களாகத்தான் விட்டீர்களா என்பது முதலாவது. வேலையில் நிற்கிற வசதி உங்களுக்கு இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னீர்கள், ஆனால் இரண்டு நாளில் திரும்பிப் போயிருக்கிறீர்கள். போன நாள், நேரம், வாசலில் யார் என்ன சொன்னார்கள், கைபேசியில் அதற்கு ஏதாவது தடயம் உண்டா, எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். இது உதவும். ஆனால் முழுப் பாரத்தையும் இதன்மேல் வைக்காதீர்கள். “வரமாட்டேன்” என்று சொன்னதை முதலாளி கட்டாயம் சொல்வார்.

பெரிய கேள்வி இரண்டாவதுதான். நீங்கள் விட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அதற்கு நியாயமான காரணம் இருந்ததா? ஈ.ஐ. சட்டத்தின் 29ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. தொந்தரவு, பாகுபாடு, உடல்நலத்துக்கு ஆபத்தான வேலைச் சூழல், வேலையின் தன்மை பெரிதாக மாறுவது, மேலதிகாரியோடு உங்கள் தவறில்லாத பகை என்று நீளும். பிள்ளையைப் பராமரிக்கும் கடமையும் அதில் இருக்கிறது. உங்கள் வழக்கு அங்கேதான் நிற்கிறது.

ஆனால் பட்டியலில் இருப்பதால் மட்டும் வெல்ல முடியாது. விடுவதைத் தவிர வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். அநேகம் பேர் சறுக்குவது இங்கேதான். முதலாளி எவ்வளவு கெட்டவர் என்று மூன்று பக்கம் எழுதுவார்கள். வாசிப்பவருக்கு வேண்டியது அதுவல்ல. விடுவதற்கு முன்னால் நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதுதான். சுப்பவைசரிடம் சொன்ன இரண்டு தரமும் எந்தெந்த நாள்? அவருக்கு மேலே யாரிடமாவது கேட்டீர்களா? பகலில் வேறு பிரிவு கேட்டீர்களா? யூனியன் இருந்ததா? இரவில் பிள்ளையைப் பார்க்க ஆள் தேடினீர்களா, எவ்வளவு கேட்டார்கள்? கணவரின் ஷிஃப்டை மாற்ற முடியுமா என்று அவருடைய வேலையிடத்தில் கேட்டாரா? வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தீர்களா? இவற்றில் உண்மையில் செய்தவற்றை எழுதுங்கள். செய்யாத ஒன்றிருந்தால், ஏன் அது சரிவந்திருக்காது என்று எழுதுங்கள். கணவரின் வேலை நேர அட்டவணை, பிள்ளை பார்க்கும் அன்ரிக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, சுப்பவைசருக்குப் போட்ட ரெக்ஸ்ட் எல்லாம் ஆதாரம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிள்ளையைச் சொல்லி வெல்லப்போய், “பிள்ளை இருப்பதால் வேலைக்குப் போக முடியாது” என்று வாயைவிட்டால் கதை முடிந்தது. ஈ.ஐ. எடுக்கிறவர் வேலைக்குத் தயாராகவும் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: “இரவில் முடியாது, ஆறு வருடம் செய்ததுபோல் பகலில் இன்றைக்கே தயார்.” விண்ணப்பித்த இடங்களை நாளோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மறுபரிசீலனை கேட்டபின் ஒரு அதிகாரி தொலைபேசியில் அழைப்பார், முதலாளியையும் அழைத்துக் கேட்பார். நீங்கள் சொல்வதெல்லாம் கோப்பில் பதிவாகும். பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போனால், முதலில் வாயில் வந்த பேச்சுக்குத்தான் அநேகமாக மதிப்பு அதிகம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், அதிகாரி என்றவுடன் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் “யெஸ், யெஸ்” என்பது. அந்த ‘யெஸ்’ஸால் தோற்ற கோப்புகளை நான் வாசித்திருக்கிறேன். பஸ்ஸில் நிற்கும்போது அழைப்பு வந்தால், இப்போது வசதியில்லை, இன்ன நேரத்துக்கு எடுங்கள் என்று சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். எழுதி வைத்த தாளைப் பார்த்தே பேசுங்கள்.

இவ்வளவுக்கும் நடுவில், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஈ.ஐ.க்குப் போடும் றிப்போட்டை நிறுத்தாதீர்கள். மறுத்துவிட்டார்களே, இனி எதற்கு என்று விட்டுவிட்டால், பிறகு வென்றாலும் அந்தக் கிழமைகளுக்குக் காசு எடுப்பது கஷ்டம். இடையில் சின்ன வேலை கிடைத்து உழைத்தால் அதையும் காட்டுங்கள். மறைத்தால் காசைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் வரும்.

மறுபரிசீலனையிலும் இல்லை என்றால், அந்தக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் மேன்முறையீடு. எங்கே, எப்படி அனுப்புவது என்று கடிதத்திலேயே இருக்கும். 2013இலிருந்து இந்த வழக்குகளைக் கேட்டுவருவது சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, மொழிபெயர்ப்பாளர் இலவசம். தொலைபேசியிலோ வீடியோவிலோ நேரிலோ பேசலாம். நீதிமன்றம்போல் கறுப்புக் கோட்டோடு யாரும் மிரட்டமாட்டார்கள், ஒருவர் இருந்து கேள்வி கேட்பார். அங்கே தோற்றால் மேலேயும் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அங்கே போக முதலில் அனுமதி வாங்க வேண்டும், கீழே நடந்த பிழையைக் காட்டினால்தான் கேட்பார்கள். ஆகவே முழுக் கதையையும் ஆதாரத்தையும் முதல் விசாரணையிலேயே கொட்டிவிடுங்கள்.

உங்கள் பகுதியிலுள்ள சமூகச் சட்ட உதவி மையத்துக்கும் ஒரு அழைப்பு எடுங்கள். வருமானம் குறைவென்றால் இலவசம். எல்லா மையங்களும் ஈ.ஐ. வழக்கு எடுப்பதில்லை, அதனால் முதலே கேளுங்கள். அவர்கள் நேரம் தரும்வரை படிவத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அதை முதலில் அனுப்புங்கள். நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.