ஸ்கில் அசெஸ்மென்ட்: வாசகர் கேள்விகள் (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியத் திறன் விசாவுக்காக உங்கள் தொழிலை அதற்குரிய அமைப்பு மதிப்பிடுவதுதான் ஸ்கில் அசெஸ்மென்ட். இந்த முறையும் பலர் தங்கள் ஆக்குபேஷன் கோடை (தொழிலுக்கான எண்) சொல்லவே இல்லை. கோடு தெரியாமல் எந்த அமைப்பு மதிப்பிடும் என்பதையே சொல்ல முடியாது. அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். திருத்தி அனுப்புங்கள்.

எங்கள் கல்லூரிக்கு நாக் 'ஏ' கிரேடு உண்டு. வாஷிங்டன் அக்கார்டில் வருமா? (கோவை)

வாஷிங்டன் அக்கார்டு என்பது எஞ்சினியரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒப்பந்தம். நாக் வேறு, என்.பி.ஏ. வேறு: முன்னது கல்லூரிக்குத் தரும் தரம், பின்னது பாடப்பிரிவுக்குத் தரும் அங்கீகாரம். அக்கார்டுக்கு வேண்டியது என்.பி.ஏ.வின் டயர்-1 அங்கீகாரம். அதுவும் பாடப்பிரிவு வாரியாகத்தான்: மெக்கானிக்கலுக்கு இருக்கும், பக்கத்து சிவிலுக்கு இருக்காது. இந்தியா முழு உறுப்பினரானது 2014-இல். உங்கள் பிரிவும் நீங்கள் படித்த ஆண்டுகளும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சி.டி.ஆர்.தான் (உங்கள் வேலைத் திறனை நீங்களே எழுதிக் காட்டும் அறிக்கை).

தெரிந்தவர் ஒருவர் சி.டி.ஆர். எழுதித் தருகிறார். 'பாசிட்டிவ் முடிவு நிச்சயம்' என்கிறார். வாங்கலாமா? (மதுரை)

வாங்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வருவது நிற்கவில்லை.

எஞ்சினியர்களை மதிப்பிடும் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா சி.டி.ஆரில் கேட்பது 3 கேரியர் எபிசோடுகள், அதாவது நீங்கள் செய்த வேலைகளைப் பற்றிய கட்டுரைகள். ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 வார்த்தைகள். 'நாங்கள் செய்தோம்' என்று எழுதினால் அவர்களுக்கு உதவாது. நீங்கள் என்ன கணக்குப் போட்டீர்கள், எந்த டிசைனை ஏன் மாற்றினீர்கள், எங்கே முடிவெடுத்தீர்கள் என்பதுதான் வேண்டும். உங்கள் சைட்டில் கால் வைக்காத ஒருவர் இதை எப்படி எழுதுவார்? பழைய சி.டி.ஆர். ஒன்றை எடுத்துப் பெயரையும் ஊரையும் மாற்றித் தருவார். அதே பத்திகள் ஏற்கெனவே இன்னும் சிலர் பெயரில் போயிருக்கும். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் இருக்கிறது. பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், சில காலம் மறுபடி விண்ணப்பிக்கவும் தடை வரும். மதிப்பீட்டு அமைப்புக்குக் கொடுத்த பொய்த் தகவல் விசாவையும் பாதிக்கும். பி.ஐ.சி. 4020 விதியில் மறுக்கப்பட்டால், அந்த விதி உள்ள விசாக்கள் பொதுவாக 3 ஆண்டுகளுக்குக் கிடைக்காது. எழுதிக் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. பணத்தோடு போய்விடுவார்.

ஆங்கிலம் சுமார் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. எளிய ஆங்கிலம் போதும். முதலில் தமிழில் குறிப்பு எடுங்கள், அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். நண்பர் இலக்கணம் திருத்தலாம், விஷயத்தைத் தொடக் கூடாது. நான்கு வருடம் படித்து, ஆறேழு வருடம் வேலை பார்த்தவர் தன் வேலையைத் தானே சொல்ல முடியாது என்று நம்பவைக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு 8 வருட ஐ.டி. அனுபவம். ஏ.சி.எஸ். (ஐ.டி. தொழில்களை மதிப்பிடும் அமைப்பு) கடிதத்தில் 6 தான் வருகிறது. தவறா? (சென்னை)

தவறில்லை. படிப்பும் வேலையும் நெருக்கமாக இருந்தால் பொதுவாக 2 வருடம் கழிப்பார்கள். நெருக்கம் குறைவென்றால் 4 வரை போகும். மீதிக்குத்தான் விசாவுக்கான பாயிண்ட். 15 என்று நினைத்தது 10 ஆகிவிடும். முதலிலேயே கழித்துக் கணக்குப் போடுங்கள்.

ஈ.ஓ.ஐ. (விசாவுக்கான விருப்ப மனு) போட்டுவிட்டு அசெஸ்மென்ட்டைப் பிறகு எடுக்கலாமா? (திருநெல்வேலி)

கூடாது. இன்விடேஷன் (விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு) வரும் நாளில் அசெஸ்மென்ட் கையில் இருக்க வேண்டும்.

கனடாவுக்காக வாங்கிய வெஸ் அறிக்கை இங்கே செல்லுமா? (திருச்சி)

செல்லாது. அது உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும். ஆஸ்திரேலியா உங்கள் தொழிலை மதிப்பிடுகிறது.

டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பிரச்சினை வருமா? (யாழ்ப்பாணம்)

நம்மவர்களுக்கு எப்போதும் வருவதுதான். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழோடு முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

கம்பெனி வேலை விவரக் கடிதம் தர மறுக்கிறது. (ஓசூர்)

கூட வேலை பார்த்த சீனியரிடம் அபிடவிட் வாங்குங்கள். பல அமைப்புகள் ஏற்கும், ஆனால் உங்கள் அமைப்பின் விதியை முதலில் படியுங்கள். சம்பளச் சீட்டு, பாரம் 16, பி.எஃப். பதிவு எல்லாம் கூடவே போக வேண்டும். வேலை விவரத்தை அன்ஸ்கோ (ஆஸ்திரேலியத் தொழில் வகைப்பாடு) பட்டியலிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். சி.டி.ஆருக்குச் சொன்னதேதான் இதற்கும்.

ஏழு மாதத்தில் எனக்கு 33 வயது ஆகிறது. அவசரப்பட வேண்டுமா? (சேலம்)

ஆம். 32 வரை 30 பாயிண்ட், 33 ஆனதும் 25. இன்விடேஷன் வரும் நாளின் வயதுதான் கணக்கு. ஆங்கிலத் தேர்வுக்கு இந்த வாரமே பதிவு செய்யுங்கள், ஆவணங்களை அது நடக்கும்போதே சேருங்கள்.