பழைய கன்சோல் கேம்கள் புது டிவியில் ஏன் அசிங்கமாகத் தெரிகின்றன?

கன்சோலில் கோளாறு எதுவும் இல்லை. சூப்பர் நின்டெண்டோவின் பெரும்பாலான கேம்கள் வரையும் படம் 256க்கு 224 புள்ளிகள்தான். முழு ஹெச்டி டிவியிலோ 1920க்கு 1080. மீதியை டிவியே ஊகித்து நிரப்புவதால் எல்லாம் குழைந்து மங்குகிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்தக் கன்சோல்கள் அனுப்பும் 240 வரி சிக்னலைப் பல புது டிவிகள் 480 வரி இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி அனுப்பும் முறை) என்று தப்பாக எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு பிரேம்களை ஒன்றாகக் கோர்க்கின்றன. அடிபட்ட பாத்திரம் விட்டு விட்டு மின்ன வேண்டிய இடத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் வரும். சில சமயம் ஆளே காணாமல் போவார்.

அப்புறம், அந்தப் படங்களை வரைந்தவர்கள் பிக்சர் டியூப் டிவியை மனதில் வைத்தே வரைந்தார்கள். சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் 1991இல் வந்த சோனிக் கேமின் அருவியைப் பாருங்கள். அது வெறும் செங்குத்துக் கோடுகள். காம்போசிட் கேபிள் (பழைய டிவியில் செருகும் மஞ்சள் முனை வீடியோ கேபிள்) அவற்றைக் கலந்துவிடும்போதுதான் பின்னாலிருப்பது தெரியும் தண்ணீராகிறது. எவ்வளவு அழகான வேலை! கூர்மையான திரை அதைக் கலைத்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் படத்தைப் பழைய டிவியின் அகல உயர விகிதமான 4:3க்கு மாற்றுங்கள், இழுத்துப் பார்ப்பது கொடுமை. டிவி செட்டிங்கில் கேம் மோடைப் போட்டால் பட்டனுக்கும் திரைக்கும் உள்ள தாமதம் குறையும். செலவு செய்ய முடிந்தால், 240 வரியைச் சரியாகப் புரிந்துகொள்ளும் தனி அப்ஸ்கேலர் (படத்தைப் பெரிதாக்கி டிவிக்கு அனுப்பும் பெட்டி) வாங்குங்கள். 4கே டிவியில் 2160 வரிகள், அதாவது 240 சரியாக 9 மடங்காகும், புள்ளிகள் சீராக வரும்.