மாமாவின் வெள்ளைச் சட்டையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தங்கையின் கல்யாண குரூப் போட்டோவில், காலமான அப்பாவைப் பழைய பிரிண்ட் ஒன்றிலிருந்து வெட்டிச் சேர்த்திருக்கிறேன். போட்டோஷாப்பில் மேட்ச் கலர் கொடுத்தும் அவர் மட்டும் சிவந்துபோய், ஒட்டவைத்த மாதிரியே தெரிகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிறம் மாற்றுவதை நிறுத்துங்கள். அவர் கறுப்பா, மாநிறமா என்பது அம்மாவுக்குத் தெரியும், கர்சருக்குத் தெரியாது. இரண்டு படத்திலும் நிஜத்தில் ஒரே நிறமாக உள்ள பொருள்தான் வேண்டும்.

மேட்ச் கலர், கல்யாணப் படம் முழுவதற்குமான நிறச் சராசரியைக் கணக்குப் போட்டு அதை அப்பாமீது ஏற்றுகிறது. பட்டுப்புடவையும் மாலையும் மண்டப விளக்கும் நிறைந்த படத்தின் சராசரி வேறு எப்படி இருக்கும்? போதாததற்கு, பழைய கலர் பிரிண்டுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடும். அதனால் அந்தப் படமே சிவப்பேறித்தான் வந்திருக்கும்.

அப்பா வெள்ளைச் சட்டையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இணையாக மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை எடுக்காதீர்கள், அது சந்தன நிறம். பின்வரிசையில் நிற்கும் மாமாவின் பருத்திச் சட்டை நல்லது. (இரண்டுமே சொட்டு நீலம் பார்த்த சட்டைகளாக இருந்தால் இன்னும் நல்லது!) நிறத்தை அளக்கும் ஐட்ராப்பர் கருவியை 5 பை 5 ஆவரேஜில் வைத்து, இரண்டு சட்டையிலும் வெளிச்சம் படும் பகுதியைத் தொட்டு, இன்ஃபோ பேனலில் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்ச எண்ணான 255ஐத் தொட்டு வெளுத்துப்போன இடம் உதவாது.

உதாரணத்துக்கு, அப்பாவின் சட்டை சிவப்பு 231, பச்சை 205, நீலம் 190. மாமாவின் சட்டை 238, 230, 208. அப்பாவின் லேயருக்கு மேல் ஒரு கர்வ்ஸ் (வளைகோட்டை இழுத்து நிறம் மாற்றும்) லேயர் போட்டு, அது அவரை மட்டுமே மாற்றும்படி கிளிப் செய்யுங்கள். சிவப்புச் சேனலில் ஒரு புள்ளி வைத்து இன்புட் 231, அவுட்புட் 238. பச்சையில் 205க்கு 230, நீலத்தில் 190க்கு 208. அப்புறம் இதேபோல் கறுப்பு. பழைய பிரிண்டில் தலைமுடி 52, 34, 30 என்று வெளிறியிருக்கும். புதுப்படத்தில் 18, 15, 14 இருக்கலாம். அதையும் மூன்று சேனலிலும் கீழ்ப்புள்ளியாக வையுங்கள். அப்பாவுக்கு நரை என்றால் மூக்குக்கண்ணாடியின் கறுப்பு ஃபிரேம் போதும். வெள்ளையும் கறுப்பும் அமர்ந்துவிட்டால் முகம் பெரும்பாலும் தானாகவே வழிக்கு வந்துவிடும். கிம்ப், போட்டோபீ என்ற மென்பொருள்கள் இரண்டிலும் கர்வ்ஸ் உண்டு, முறையும் இதுவேதான். கிம்ப்பில் மட்டும் கர்வ்ஸைத் தனி லேயராகப் போடாமல் அப்பாவின் லேயர்மீதே நேரடியாகக் கொடுங்கள்.

இப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாம்பல் நிற லேயரை நிரப்பி, அதன் பிளெண்ட் மோடைக் கலர் என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அதிலும் அப்பா துருத்திக்கொண்டு தெரிந்தால் சிக்கல் நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. கர்வ்ஸில் மூன்று சேனலுக்கும் பொதுவான ஆர்ஜிபி கோட்டின் நடுவைச் சற்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் மட்டும் எந்தக் கர்வ்ஸும் காப்பாற்றாது. வேறு போட்டோ தேடுங்கள்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அரக்குப் பட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டைக் கையில் அந்தச் சிவப்பு லேசாகப் படிந்திருக்கும். அம்மாவுக்கு அருகில் அப்பாவை நிறுத்தியிருந்தால், கிளிப் செய்த ஒரு புது லேயரில் புடவையின் நிறத்தை மென்மையான பிரஷ்ஷால் அந்தக் கைப்பக்கம் தடவி, மோடைக் கலர் ஆக்கி, ஒபாசிட்டியை 10 சதவீதத்துக்குள் வையுங்கள். காதோரம், முடியோரம் ஒட்டியிருக்கும் பழைய பின்னணி நிறத்தையும் இதேபோல் மறைக்கலாம்.

இரண்டு படத்தின் பொடிப்புள்ளித் தன்மையை ஒத்துப்போகவைக்கும் கிரெயினைக் கடைசியில் சேருங்கள். கர்வ்ஸ் இழுத்தபிறகு அது மாறிவிடும் என்பதால் முன்பே சேர்ப்பது வீண்வேலை. ஆல்பத்துக்குக் கொடுக்கும்முன் போட்டோ லேபில் ஒரு 4x6 பிரிண்ட் போட்டு, விஷயத்தைச் சொல்லாமல் பக்கத்துவீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் வேண்டாம், அவர் நிறத்தைப் பார்க்கமாட்டார்.