டைவர்டிகுலைட்டிஸ் மூன்று தடவை வந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்தே ஆகவேண்டுமா?

ஹட்டனில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு டைவர்டிகுலைட்டிஸ் (பெருங்குடல் சுவரில் பிதுங்கும் சிறு பைகளில் அழற்சி) இரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்திருக்கிறது, சொந்தக்காரர்கள் "இனி வெட்டத்தான் வேணும்" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பழைய கணக்கு. இரண்டு தடவை வந்தால் வெட்டு என்பது 2000ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியில்கூட இருந்தது. குடல் ஓட்டையாகும் ஆபத்து முதல் தடவையில்தான் அதிகம் என்று தெரிந்தபின் அந்த விதி போய்விட்டது.

எண்ணிக்கையை விடுங்கள். சிறுநீரோடு காற்றோ மலமோ போகிறதா? போனால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே வழி விழுந்திருக்கலாம். குடல் சுருங்கி மலம் சிக்குகிறதா? பெரிய சீழ்க்கட்டி வந்து குழாய் போட்டார்களா? இடைப்பட்ட மாதங்களிலும் வலி விடவில்லையா? ஸ்டீரோயிட் தொடர்ந்து எடுப்பவரா? இதில் ஒன்றுக்காவது ஆமென்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் பேச்சை எடுங்கள். மூன்று தடவையும் மாத்திரையோடு அடங்கி, நடுவில் சுகமாக இருந்தால் அவசரமில்லை. ("கூகுள் டொக்டர்" என்று திட்ட வருபவர்களுக்கு: முடிவு நிபுணர் கையில்தான், என்ன கேட்பது என்றுதான் சொல்கிறேன்.)

செய்வதென்றால் அழற்சி அடங்கி 6 முதல் 8 வாரம் கழித்து. சமீபத்தில் கொலொனோஸ்கோப்பி (குடலுக்குள் கமெரா விட்டுப் பார்ப்பது) செய்யாவிட்டால் அதற்கு முன் செய்யவேண்டும், புற்றுநோயும் சீ.டி. ஸ்கேனில் இதே போலத் தெரியும். நோயுள்ள துண்டை எடுத்து, மீதியை மலக்குடலின் மேற்பகுதியோடு இணைப்பார்கள். கீழ்ப் பெருங்குடலில் கொஞ்சம் விட்டுவைத்து இணைத்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும். வெடித்தபின் அவசரமாகச் செய்தால் பெரும்பாலும் மலம் சேர வயிற்றின் வெளியே பை வைக்கவேண்டி வரும், சிலருக்கு அது கடைசிவரை நிற்கும்.

வலி வந்தால் பரசிட்டமோல் மட்டும். பார்மசியில் தரும் டைக்ளோபெனாக், இபுபுரொபென் வேண்டாம், அவை குடலை ஓட்டையாக்கும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. வயிறு பலகை போல விறைத்தால், காய்ச்சலோடு வாந்தி நிற்காவிட்டால், விடியும்வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். வலது பக்கம் வலித்தாலும் இதுவாக இருக்கலாம், ஆசியர்களுக்கு அந்தப் பக்கமும் வருவது சாதாரணம்.

அடங்கியபின் கோதுமை ரொட்டியைக் குறைத்து குரக்கன், பருப்பு, போஞ்சி, கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும். கொய்யா விதை, கச்சான் ஆகாது என்பது வெறும் பயம். நார் சாப்பிட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் மலம் கல்லாகும். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று கிளினிக்கில் எழுதிக்கொடுப்பது எளிது. மலையில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? காலையிலிருந்து அடக்கிக்கொண்டு, தண்ணீரையே தவிர்த்து, பேர் (முழு நாள் சம்பளம்) விழவேண்டுமென்று கொழுந்து நிறுக்கிறவர்களை யார் கேட்கிறார்கள்?