பழைய பியானோவும் கிளாரினெட்டின் சுருதியும்

கேள்வி: மகள் கிளாரினெட் வாசிக்கிறாள், அண்ணன் மகன் பியானோ. பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்கின் கிளாரினெட் சொனாட்டாவை இருவரும் சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறார்கள். புதுச்சேரி ஒயிட் டவுனில் வீடு காலி செய்யும் ஒருவர் பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோவை 90 ஆயிரத்துக்குத் தருகிறார். "கம்பி பழசு, 430-லேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். வாங்கலாமா, டிஜிட்டலுக்குப் போகலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: அந்த 430 (நடு 'ஏ' ஸ்வரம் ஒரு நொடிக்கு அதிரும் எண்ணிக்கை) தான் இடிக்கிறது. இன்றைய கிளாரினெட்டுகள் 440 அல்லது 442-க்குச் செய்யப்படுபவை. பேரலை, அதாவது வாய்ப்பகுதிக்குக் கீழே உள்ள குட்டைக் குழாயை, கொஞ்சம் வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். ஆனால் 430 வரை இறங்குவது கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி. அவ்வளவு இழுத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் இறங்காது. வாய்ப்பக்கத்துத் துளைகளில் பிறப்பவை கூடுதலாக இறங்கிவிடும். சொனாட்டாவின் துள்ளி ஓடும் கடைசிப் பகுதியில் இதை ஒருவேளை மறைக்கலாம். நடுவில் மெதுவாகப் போகும் ரொமான்சாவில் முடியவே முடியாது.

சரி, ஏற்றி 440-க்குக் கொண்டுவரலாமே என்பீர்கள். கடலுக்கு நாலு தெரு தள்ளி சைக்கிள் செயினே துருப்பிடிக்கிற ஊர் இது. உள்ளே இருப்பதோ 200-க்கும் மேற்பட்ட கம்பிகள். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி சுற்றியிருக்கும் பின்களைச் சுற்றித் துரு ஏறியிருந்தால், ஏற்றும்போது கம்பி அறுந்து போகலாம். பின்களைப் பிடித்திருக்கும் மரம் தளர்ந்திருந்தால் இன்று ஏற்றிய சுருதி அடுத்த வாரமே இறங்கிவிடும். விற்பவர் சம்மதித்தால், டியூனரை வைத்து நடுவில் நாலைந்து ஸ்வரத்தை மட்டும் 440-க்கு ஏற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்படியே நின்றால் தாராளமாக வாங்கலாம். நல்ல அப்ரைட்டின் ஓசை டிஜிட்டலில் வராது.

இன்னொன்று. வீட்டுக்காரர் வியாபாரி அல்ல. பிறகு கோளாறு வந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. கடையில் வாங்கினால் பில் இருக்கும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடலாம்.

டிஜிட்டல் என்றால் 88 கட்டை, நிஜ பியானோ போல அழுத்தம் தரும் ஹாமர் ஆக்‌ஷன், சுருதியை 442 வரை மாற்றும் வசதி, மூன்றும் கேளுங்கள். மகளை கிளாரினெட்டோடு கடைக்குக் கூட்டிப் போங்கள். அவளது பி-ஃபிளாட் கிளாரினெட்டில் 'பி' ஊதும்போது பியானோவில் 'ஏ' அழுத்தச் சொல்லுங்கள் (அந்த 'பி' ஒலிப்பது 'ஏ'-வாகத்தான்). இரண்டும் சேர்ந்த பிறகு விலை பேசுங்கள்.